போஸ்டு படுத்திய பாடு

வெள்ளாற்றூர் ராச்சியம் ரொம்பச் சின்னது. பட்டத்து யானை குறுக்கே படுத்தால் வால் அடுத்த ராச்சியத்தில் கிடக்கும். அந்த ஊருக்கு ராசா விசயரங்க பூபதி. ஊர்தான் சின்னதே தவிர, அவருக்குப் பட்டப்பெயர் முப்பத்திரண்டு.

ராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவள் பூங்காவனம். மழை பெய்தால் வெள்ளம் வருமோ என்பாள். பெய்யாவிட்டால் பஞ்சம் வருமோ என்பாள். அன்றைக்கு அவள் கவலைப்பட நிசமாகவே ஒரு காரணம் கிடைத்தது. துரைகளின் இங்கிலீஷைத் தமிழில் சொல்லும் துபாஷி சீராளன் சபை நடுவில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அவன்தான் அவள் மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பதே நாள்.

நடந்தது இதுதான். போன மாதம் ஊரில் கூடாரம் போட்ட துரை ஒருவர் மண்டபத்துக் கம்பத்தைத் தட்டி "போஸ்ட்" என்றார். கம்பம் என்று சீராளன் சொன்னான். ராசா மனப்பாடம் செய்துகொண்டார். நேற்று சீராளன் இல்லாத நேரத்தில் துரை வந்து, இரண்டு கையையும் நீட்டி, "போஸ்ட்?" என்று கேட்டார். ராசாவுக்கு ஒரே பெருமை. மண்டபத்துக் கம்பம் ஒன்றைப் பிடுங்கி, மாலை போட்டு, எட்டுப் பேர் தோளில் ஏற்றித் துரைக்கு அனுப்பிவைத்தார். மண்டபம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துரை சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தார்.

"அவர் கேட்டது கடிதமாமே! அன்றைக்குக் கம்பம் என்றாயே?" என்று ராசா கத்தினார்.

"இரண்டும் போஸ்டுதான், மகாராசா. அந்தக் காலத்தில் பாதை நெடுகக் குதிரைக்காரர்களை அங்கங்கே நிறுத்தி வைப்பார்களாம். கைமாறிக் கைமாறிக் கடிதம் போகும். நிறுத்தி வைத்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பேர் வந்தது. ஓர் ஆளை ஓர் இடத்தில் நிறுத்துவதால் உத்தியோகத்துக்கும் அதே பேர்தான்."

"மூன்றாவதும் இருக்கிறதா! சரி, கம்பமும் நிறுத்தி வைத்ததுதானே?"

"இல்லை, மகாராசா. கம்பம் வேறு குடும்பம். லத்தீனில் கதவு நிலைக்காலுக்கு இருந்த சொல் அது."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. இன்னும் என்னென்ன சொல்லி வைப்பானோ என்று பூங்காவனத்துக்குக் கவலை.

"ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும்! நாளைச் சாயங்காலத்துக்குள் அதைச் சொல். இல்லாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விடுவேன்!"

எல்லை என்னவோ கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் கழுதை கழுதைதானே? கழுதையில் போனவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"அத்தை..." என்றான் சீராளன், அழாத குறையாக.

"சும்மா இரு மாப்பிள்ளை. நீ வாயைத் திறந்தால் நாலாவது பொருள் வந்துவிடும்" என்றாள் பூங்காவனம். பிறகு வெற்றிலையை நீட்டிக்கொண்டே, "மகாராசா சொன்னது நியாயம். அதோடு, ஓர் ஆளுக்கு ஒரு பேர்தான் என்றும் சட்டம் போட்டுவிட்டால் நாட்டில் குழப்பமே இருக்காது" என்றாள்.

"பலே! போட்டேன். என் பட்டங்களில் கஜராஜ கேசரி ஒன்று போதும். மற்ற முப்பத்தொன்றும் ரத்து!"

வெள்ளாற்றூர் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராசா தன் வாயால் வேலை ஏவினால் தரித்திரம். அவர் கையை அசைப்பார். கட்டியக்காரர் ஒரு பட்டத்தைக் கூவுவார். அந்தப் பட்டத்துக்கு உரிய வேலைக்காரர்கள் ஓடி வருவார்கள். "கங்கை ஆடி" என்றால் வெந்நீர் வரும். "அன்னப் பிரபு" என்றால் இலை விழும்.

மறுநாள் காலை ராசா கண் விழித்து, முகம் கழுவக் கையை அசைத்தார்.

"கஜராஜ கேசரி!" என்று கூவினார் கட்டியக்காரர்.

யானை வந்தது.

ராசா தலையில் அடித்துக்கொண்டு, பல் தேய்ப்பதுபோல் விரலால் சைகை காட்டினார்.

"கஜராஜ கேசரி!"

யானை இன்னும் ஓர் அடி உள்ளே வந்தது. ராசா வயிற்றைத் தட்டிக் காட்டினார். யானை மண்டியிட்டது. பாகன் அவரைத் தூக்கி மேலே உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து இறக்கினான். உச்சிப் பொழுதுக்குள் ராசா ஏழு தடவை ஊரைச் சுற்றினார். ஒரு வாய்ச் சோறு இல்லை. சட்டியில் குழம்பு கொதிக்கிற வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

பூங்காவனமோ வெறுங்கையோடு தூண் ஓரம் நின்றாள்.

"பூங்காவனம்! வெற்றிலையாவது கொடேன்."

"எப்படி, மகாராசா? 'தாம்பூல சுந்தரர்' என்று கூவினால்தானே நான் வரலாம்? அதுதான் ரத்தாகிவிட்டதே!"

"என் பேர்களைத் திருப்பிக் கொடுங்கள்! பசி காதை அடைக்கிறது!"

"ஓர் ஆளுக்கு எதற்கு முப்பத்திரண்டு பேர்? கேட்கிறவர்களுக்குக் குழப்பம் வருமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது."

"அந்தந்த வேளைக்கு அந்தந்தப் பேர், அவ்வளவுதான்! கூப்பிட்டதும் என்ன வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே!"

"துரைக்கும் அதே கதைதான், மகாராசா. நம்மிடம் ஆள் ஒன்று, பேர் முப்பத்திரண்டு. அவரிடம் பேர் ஒன்று, வேலை மூன்று. பாவம், சொல்லுக்கு என்ன பஞ்சமோ! அதற்கு என் மாப்பிள்ளை என்ன செய்வான்?"

ராசா யானையைப் பார்த்தார். யானை ராசாவைப் பார்த்தது. வெறும் வயிறு குலுங்க அவர் சிரித்தார்.

"சீராளனை விட்டேன். முப்பத்திரண்டையும் கூவச் சொல்! முதலில் அன்னப் பிரபு! உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யானை."

"தாராளமாய்க் கொண்டுபோ! ஒரு வாரம் அது என் கண்ணில் படவே கூடாது."

கழுதைமேல் போக வேண்டிய மாப்பிள்ளை யானைமேல் வந்தான். யானை பந்தலில் கட்டிய வாழையைத் தின்றுவிடுமோ என்று பூங்காவனத்துக்கு ஒரே கவலை. தாலி கட்டி முடிந்ததும் அது அப்படியே செய்தது. வாழையை இழுத்த இழுப்பில் பந்தல் ஆடியது.

"ஐயோ, போஸ்டு! போஸ்டு!" என்று அலறினாள் பூங்காவனம்.

கடிதமா உத்தியோகமா என்று யாரும் கேட்கவில்லை. பந்தியில் இருந்து வாயில் பாயசத்தோடு பாய்ந்து, பந்தல்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டவர் சாட்சாத் கஜராஜ கேசரி.