விசாலபுரியே மொட்டையடித்த கதை

வடக்கே, மலை முடிந்து சமவெளி தொடங்குகிற இடத்தில், ஆறு அரிவாள் மாதிரி வளைகிற வளைவுக்குள்ளே விசாலபுரி என்று ஒரு பட்டணம் இருந்தது. சாதாரணப் பட்டணமா அது! படையெடுத்து வந்த ஒவ்வொருவனும், ‘பழைய கோட்டை எனக்கெதுக்கு?’ என்று பக்கத்திலேயே புதுசாக ஒன்று கட்டிக்கொண்டதில், ஊருக்குள் ஊர், அதற்குள் இன்னோர் ஊர். கிழக்கேயிருந்து நெசவுக்காரர்கள் வந்தார்கள், மேற்கேயிருந்து ஒட்டகக்காரர்கள் வந்தார்கள், மலையிலிருந்து கம்பளிக்காரர்கள் வந்தார்கள். வந்தவர் எவரும் திரும்பிப் போகவில்லை. கடைத்தெருவில் எள் விழ இடம் கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன நம்ம சிங்காரமும் அப்படித்தான். தேஜ்பால் மகாராஜாவின் சபையில் அவருக்கு விகடகவி உத்தியோகம். அந்த ஊர்க் குளிரில் ஆரம்பத்தில் பல் தந்தியடித்தது. இப்போது பழகிவிட்டது. பெண்டாட்டி வடிவாம்பாள் கொல்லையில் கத்தரி போட்டிருந்தாள், பிள்ளைகள் அந்த ஊர்ப் பாஷையிலேயே சண்டை போட்டுக்கொண்டன. அவருக்கு வேறென்ன வேண்டும்?

இது மந்திரி கிர்தாரிலாலுக்குப் பொறுக்கவில்லை. ராஜா சிங்காரத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் மந்திரிக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மகாராஜாவின் பட்டத்து யானை கடைத்தெரு நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் நகர முடியவில்லை, பின்னேயும் நகர முடியவில்லை. மகாராஜா வெயிலில் வெந்து போய்ச் சபைக்கு வந்தார்.

“என்னய்யா இது! இத்தனை ஜனம் எங்கிருந்து வந்தது?”

இதற்குத்தானே காத்திருந்தார் மந்திரி! “எல்லாம் வெளியூர்க் கும்பல் மகாராஜா. பௌர்ணமிக்குள் விரட்டிவிட்டால் ஊர் காலியாகிவிடும்.”

“யார் வெளியூர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

“அது சுலபம்! எந்த ஊர்ச் சாமிக்கு முடி கொடுத்தானோ, அவன் அந்த ஊர்க்காரன். நம் கோட்டைவாசல் காளிக்கு முடி கொடுத்தவன் இங்கே இருக்கட்டும். மற்றவன் மூட்டை கட்டட்டும்.”

சொல்லிவிட்டுச் சிங்காரத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். தனக்கும் குழந்தைகளுக்கும் முடியிறக்கச் சிங்காரம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயனார் கோயிலுக்குப் போய் வந்தது சபைக்கே தெரியும்.

“பலே!” என்றார் மகாராஜா. “அப்படியே உத்தரவு. சிங்காரம், தமுக்கு அடித்துச் சொல்லவேண்டியது உம் பொறுப்பு. கடைசியில் நீரும் கிளம்ப வேண்டியதுதான். எனக்கு வருத்தம்தான், என்ன செய்ய?”

சிங்காரம் தமுக்கை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் வடிவாம்பாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. “பாவி மனுஷன்! கத்தரி இப்பத்தான் பூ விட்டிருக்கு. இந்தக் குழந்தைகளை இழுத்துக்கிட்டு எங்கே போறது? ஏங்க, காளிக்கு முடி கொடுத்தவங்க இந்த ஊர்ல யாராவது இருக்காங்களா என்ன?”

“யாருடி இருக்கா? நெசவுக்காரன் கிழக்கே போவான், ஒட்டகக்காரன் மேற்கே போவான். அவனவன் குலசாமி அவனவன் ஊர்ல. காளி கோயில் பூசாரியே மலைக்குத்தான் போறார்…”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று எழுந்தார். “அடியே! இனிமே கொடுக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே!”

தமுக்கோடு கிளம்பினார் மனுஷர். உத்தரவை ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல் தெருத்தெருவாகச் சொன்னார். சொல்லி முடித்து, “கோட்டைவாசலில் நாவிதர்கள் தயாராக இருக்கிறார்கள்” என்று சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான், ஊரே எழுந்து ஓடியது. நெசவுக்காரன், ஒட்டகக்காரன், அரண்மனைச் சமையல்காரன், யானைப்பாகன், எல்லோரும் வரிசையில். பெண்கள் நுனியில் ஒரு கொத்து வெட்டிப் பூமுடி கொடுத்தார்கள். முதல் பூமுடி வடிவாம்பாளுடையது. கடைசியில் நாவிதர்கள் ஒருவருக்கொருவர் மழித்துக்கொண்டார்கள். இத்தனை காலம் ஒரு மயிரிழைகூடக் காணாத காளிக்கு மூச்சு முட்டியிருக்கும்!

பௌர்ணமியன்று காலையில், வெளியூர்க் கும்பல் போகிற அழகைப் பார்க்க மகாராஜாவும் மந்திரியும் கோட்டைவாசலுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் மொட்டை. வெயில் பட்டு அத்தனை தலையும் பளபளக்கிறது. மகாராஜாவுக்குக் கண் கூசியது. முன்னால் சந்தனம் பூசிய மொட்டையோடு சிங்காரம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

“என்னய்யா கூத்து இது? ஏன் ஒருத்தரும் கிளம்பவில்லை?”

“கிளம்புவானேன் மகாராஜா? எல்லோரும் காளிக்கு முடி கொடுத்தாச்சு. எல்லோரும் உள்ளூர்.”

மந்திரி குதித்தார். “மோசடி! இவன் ஏற்கெனவே ஐயனாருக்குக் கொடுத்தவன்!”

“ஆமாம் மந்திரியாரே, கொடுத்தேன். ஒரு சாமிக்குக் கொடுத்தால் இன்னொரு சாமிக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவில் இல்லையே?”

மகாராஜா மீசைக்குள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அப்படியானால் என் ஊரில் வெளியூர்க்காரனே இல்லை என்கிறீரா?” என்றார்.

சிங்காரம் தலையைத் தடவிக்கொண்டு தயங்கினார். “இருக்கிறார்கள் மகாராஜா. இரண்டே பேர்.”

“யார் அந்த இரண்டு பேர்? சொல்லும், இப்போதே வெளியே தள்ளுகிறேன்!”

“மந்திரியார் சின்ன வயசில் முடி கொடுத்தது பாலைவனத்து மாதாவுக்கு. இன்னொருத்தருக்கு மலைமேல் சாமுண்டி சந்நிதியில் முடியிறக்கியதாக ராஜமாதாவே அடிக்கடி சொல்வார்கள்…”

மகாராஜாவின் கை தானாகக் கிரீடத்துக்குள்ளே போய்ச் சுருள்முடியைப் பிடித்துக்கொண்டது. அடுத்த கணம் மகாராஜா வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற பட்டத்து யானையே பின்வாங்கியது.

“உத்தரவு ரத்து! எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். சிங்காரம், இந்த ஊரில் உம்மை இனி எவனும் அசைக்க முடியாது. அந்த வீடும் கொல்லையும் உம் வம்சத்துக்கே!”

மந்திரி அப்பாடா என்று பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

“மந்திரியாரே, எங்கே கிளம்பிவிட்டீர்?” என்றார் மகாராஜா. “எனக்குத்தான் உத்தரவு ரத்து. உமக்கு நாவிதர் காத்திருக்கிறார், உட்காரும்!”