ஆறாவது பெட்டி

பாளையங்கோட்டையில் மூடிப்போன தியேட்டர் ஒன்றின் சைக்கிள் ஸ்டாண்டில் 'மறுபடி' நடந்துவந்தது. ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் அங்கே வந்து குவியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் சம்பளம் இல்லாமல் வருவார்கள். பிரிப்பார்கள், ஓடுகிற சாமானை ஓடுகிற சாமானோடு சேர்ப்பார்கள், பெட்டியாக்கி இல்லாதவர்களுக்கு அனுப்புவார்கள்.

கதவில் மாதம் ஒரு தாள் ஒட்டப்படும். வந்தவை, போனவை, திரும்பி வந்தவை. மூன்றாவதில் பெட்டியின் எண்ணும் கட்டியவர் பெயரும் இருக்கும். எல்லோரும் முதலில் படிப்பது மூன்றாவதைத்தான்.

கற்றுக்கொடுக்கிறவர் பெயர் இஸ்ரவேல். வயது முப்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். அவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். ஐம்பத்து நாலு வயது உலகம்மாளும் அப்படித்தான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும் தம்பி.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஐந்து பெட்டி ஊருக்குக் கட்டினால் ஆறாவது கட்டியவருக்கு. ஆனால் ஐந்தாவது வெளியே போய் முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் ஐந்தில் எது திரும்பி வந்தாலும், கட்டியவரே அதைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். பிறகுதான் ஆறாவது.

சேர்ந்த அன்றே உலகம்மாள் கேட்டாள்.

"இந்த ஆறாவது பொட்டி எனக்குக் கூலியா, இனாமா?"

"இன்னும் தெரியலக்கா."

"தெரியாமலா சட்டம் போட்டிய?"

"கட்டுங்க. தெரிஞ்சதும் சொல்லுதேன்."

அவள் கட்டிய ஐந்தாவது பெட்டி வெளியே போன முப்பதாவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. உலகம்மாள் மதியமே ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டாள். ஆறாவது பெட்டி அவள் மேசையில் தயாராக இருந்தது. அதை நாலு தடவை துடைத்தாயிற்று.

"மணி என்ன வாத்தியார்?"

"ரெண்டு."

"முப்பது நாள் எப்ப முடியுது?"

"ஆறு மணிக்கு. கதவு சாத்தும்போது."

"நாலுன்னு வைங்க."

"ஆறுக்கா."

"உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். அஞ்சு."

"ஆறு."

"இரும்பு யாவாரிகூட இப்பிடிப் பிடிவாதம் பிடிக்க மாட்டான் தம்பி."

அவள் இரும்பு வியாபாரி. தனியாக நின்று கடை போட்டவள். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, இது வார்ப்பு, இது உருக்கு என்று காதாலேயே சொல்லிவிடுவாள். மில் வாசலில் ஏலம் என்றால் அவள் குரல் எழும்பிய பிறகு பாதிப் பேர் கலைந்து போவார்கள். இப்போது ஏலம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அங்கே சத்தம் போட முடியாது. போனில் ஆகாது, கையெழுத்துச் சாவி என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். ஒரு தடவை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் நின்றவன் அவள் போட்ட விலையைப் பார்த்து வெளியே போய்ப் போன் பண்ணினான். ஏலத்துக்கு வந்த சரக்கு மொத்தமும் கைவிட்டுப் போயிற்று.

நாளை காலை பதினோரு மணிக்கு, பூட்டிய நூல் மில் ஒன்றின் பழைய எந்திரங்கள் ஏலம். பன்னிரண்டுக்கு முடியும். அது கிடைத்தால் கடை ஓடும். கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான். சரக்குக் கிட்டங்கியில் துருவைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

இரண்டரை மணிக்கு ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மடியில் ஒரு பெட்டியைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு பல்கீஸ் இறங்கினாள். மேலப்பாளையத்துக்காரி. கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை மூலையில் உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுக்கிறவள். உலகம்மாள் கட்டிய ஐந்தாவது பெட்டி அவளுக்குப் போயிருந்தது.

"உலகம்மாள்ங்கது யாரு?"

பல்கீஸ் பெட்டியின் மூடியைத் தட்டிக் காட்டினாள்.

"மூடியில பேரு எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

"நான்தான். என்ன இப்ப?"

"ஒம்பது தடவை அணைஞ்சிட்டுக்கா. தானா. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், பொசுக்குன்னு கருத்துப் போவும். ஒரு பெரியவருக்குப் பட்டா மனு. மூணு தரம் அடிச்சேன். மூணாவது தரம் அவரு சொல்லுதாரு, 'தாயி, என் நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் முழுங்கிட்டான், மனுவை உன் பொட்டி முழுங்கிட்டு'ன்னு."

யாரோ சிரித்தார்கள். உலகம்மாள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உங்க கடைக் கரண்டு சரியிருக்காது."

"பக்கத்துல ஜெராக்ஸ் மெசினு ஓடுது."

"அடிக்க அடிக்க சேவ் பண்ணணும். அது தெரியாதா?"

"இப்ப ரொம்ப நல்லாத் தெரியும். ரெண்டு வரிக்கு ஒருக்கப் பண்ணுதேன்."

பல்கீஸ் இஸ்ரவேல் பக்கம் திரும்பினாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. மனுநாள். நாலு தாலுகா சனமும் வந்து நிக்கும். எனக்கு இது இன்னிக்கே வேணும் சார்."

"போட்டுப் பாப்போம்" என்றார் இஸ்ரவேல்.

ஐந்தாவது பெட்டியை மேசையில் வைத்து ஓடவிட்டார். மணியைப் பார்த்துக்கொண்டார்.

உலகம்மாள் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஆறாவது பெட்டியை ஐந்தாம் தடவை துடைத்தாள். வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். போய் அவனை ஏசிவிட்டு வந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று.

"ஓடுதுல்லா? பாத்தியளா, ஓடுதுல்லா?"

முப்பது ஆயிற்று. அவள் மறுபடி உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

முப்பத்தெட்டாவது நிமிடம் திரை கருத்தது.

இஸ்ரவேல் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். மூடியைக் கழற்றினார்.

உள்ளே சூட்டை ஆற்ற இருந்த காற்றாடிக்கு இரண்டு இறக்கை இல்லை. மிச்சமிருந்தவை தயங்கித் தயங்கிச் சுற்றின.

அந்தக் காற்றாடியைப் போட்டது உலகம்மாள்தான். அவள் மேசைக்கு அடியில் ஓர் அரிசிச் சாக்கு உண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் அதில் சிறந்தது சாக்குக்குள் போகும். நல்ல மெமரி, நல்ல டிஸ்க், நல்ல காற்றாடி. கடையில் செம்பைக் கண்டால் கை தானாகத் தனியே ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினாள். ஐந்து பெட்டிகளும் சாக்குக்குப் போகாததில் கட்டியவை. சாக்கில் இருந்ததெல்லாம் ஆறாவதுக்குள் போயிற்று.

"வேற காத்தாடி போட்டாத் தீந்தது" என்றாள் உலகம்மாள்.

இஸ்ரவேல் குவியலுக்குப் போய்க் கிளறினார். வெறுங்கையோடு வந்தார். அந்த ரகப் பெட்டி இப்போது கம்பெனியே செய்வதில்லை. அதற்கு ஏற்ற காற்றாடி அந்தக் கொட்டகையில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

உலகம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். அது அவள் பேரம் பேசும் குரல்.

"வாத்தியார், ஒரு பேச்சு. ஆறாவதை இப்பக் குடுங்க. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஏலம் முடியுது. ஒரு மணிக்கு இங்க வந்து நிக்கேன். இவிய பொட்டியைச் சரி பண்ணித் தாறேன். கூட ஒரு பொட்டி சும்மா கட்டித் தாறேன்."

"ஒரு மணிக்கு மனுநாளே முடிஞ்சிரும்" என்றாள் பல்கீஸ்.

"ஒரு நாள் பொறுக்க முடியாதா உங்களுக்கு?"

"நீங்க பொறுங்களேன்."

உலகம்மாள் கையிலிருந்த திருப்புளி பறந்து போய்ச் சுவரில் பட்டு விழுந்தது.

"சும்மா வாங்கின பொட்டிக்கு இவ்வளவு வாயா! ஏம்மா, ஆறும் ஒரே குப்பையில பொறுக்கினது. ஆறும் ஒரே எடை. எல்லாம் ஒண்ணுதான். இதுல என்ன நல்லது கெட்டதைக் கண்டிய?"

இஸ்ரவேல் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறும் ஒண்ணுதானாக்கா?"

"ஒண்ணுதான்."

அவர் போய் ஆறாவது பெட்டியைத் தூக்கி வந்தார். ஐந்தாவதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப பல்கீஸக்கா எதை வேணும்னாலும் எடுத்துட்டுப் போகட்டும். மிச்சம் உங்களுக்கு. இப்பவே கொண்டு போகலாம். ஆறு மணி வரைக்கும் இருக்க வேண்டாம்."

பல்கீஸ் இரண்டையும் பார்த்தாள். பளபளவென்று இருந்ததன் பக்கம் கையை நீட்டினாள். அவள் கை போய்ச் சேருமுன் உலகம்மாளின் உள்ளங்கை அதன்மேல் விழுந்தது.

"அது வேண்டாம்."

"ஏன்?"

வெளியே ஹாரன் கேட்டது.

"ஒண்ணுன்னியளே" என்றாள் பல்கீஸ்.

உலகம்மாள் கையை எடுக்கவில்லை. முகம் கருத்துச் சிவந்துபோயிருந்தது. பல்கீஸிடமிருந்து கண்ணைத் திருப்பி இஸ்ரவேலைப் பார்த்தாள்.

"சாக்கைப் பாத்திய."

"பாத்தேன்."

"எப்பலருந்து?"

"முதல் ஞாயித்துக்கிழமைலருந்து."

"அன்னிக்கே சொன்னா என்ன தம்பி? வாயில கொழுக்கட்டையா?"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா சாக்கை வீட்டுல வச்சிருப்பிய."

பல்கீஸ் பக்கென்று சிரித்துவிட்டாள். மற்ற மேசைகளிலும் சிரிப்பு கிளம்பியது. உலகம்மாள் யாரையும் ஏசவில்லை. பிறகு சுவரோரம் போய்க் குனிந்து திருப்புளியை எடுத்தாள்.

ஆறாவது பெட்டியைத் திறந்தாள். காற்றாடியைக் கழற்றினாள். துணியால் பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, அதை ஐந்தாவதில் பொருத்தினாள். கை வேகமாகவும் சுத்தமாகவும் ஓடியது. வயரைக் கட்டும்போது மட்டும் ஒரு தடவை நிறுத்தி, இறுக்கம் போதுமா என்று சுண்டிப் பார்த்தாள்.

மறுபடி ஓடவிட்டார்கள். முப்பத்தெட்டாவது நிமிடம் வந்தது. உலகம்மாள் திரையைப் பார்க்கவில்லை. காதைப் பெட்டியின்மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"போதும். எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

பல்கீஸ் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நாளைக்குத் தோத்தா வாங்கக்கா. யாருக்கு வேணும்னாலும் மனு எழுதித் தாறேன். காசு வேண்டாம்."

"போம்மா. போய் ரெண்டு வரிக்கு ஒருக்க சேவ் பண்ணு."

அவள் போனாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் கிளம்பினார்கள். இஸ்ரவேல் மாதத் தாளை எடுத்து மூன்றாவது பத்தியில் எழுதினார். எண் ஐந்து. உலகம்மாள். அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள்.

மணி ஆறு.

இஸ்ரவேல் ஆறாவது பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். இரண்டு இறக்கை இல்லாத காற்றாடி இப்போது அதற்குள் இருந்தது.

"உங்களுக்குக்கா."

கொட்டகையில் இருந்த ஒரே மேசை ஃபேனின் வயரையும் பிடுங்கிச் சுருட்டினார். அதைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"மூடியைக் கழட்டிருங்க. இதைப் பக்கத்துல ஓடவிடுங்க."

"அப்பிடிச் செஞ்சா ஒரு மணி நேரம் தாங்குமா?"

"தெரியாதுக்கா."

உலகம்மாளுக்குக் குரல் எழும்பியது. மில் வாசலில் எழும்புகிற அதே குரல்.

"ஏலமே கடைசிப் பத்து நிமிசத்துலதான் தம்பி! பதினொண்ணே முக்காலுக்கு இது அணைஞ்சிச்சின்னா என் கடை போச்சு. முப்பது வருசம் போச்சு. அன்னிக்குக் கூலியா இனாமான்னு கேட்டேன், தெரியலன்னிய. இப்பச் சொல்லுங்க. இது கூலியா, தண்டனையா?"

இஸ்ரவேல் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்தக் காத்தாடி போட்ட பொட்டி அணையத்தான் போவுதுன்னா, யாரு கையில இருக்கும்போது அணையணும்க்கா?"

வெளியே ஆட்டோக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். உலகம்மாள் அவனை ஏசவில்லை. திருப்புளியை எடுத்து, பெட்டியின் மூடியில் முதல் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.