பாட்டிலில் ஏறிய தண்ணீர்

சடைச்சாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, கட்டிலுக்கு அடியில் இருந்த கண்ணாடி பாட்டிலுக்குள் போயிருந்தது.

என் மனைவி இறந்த வருஷம் அவர் மடத்தில் போய்ச் சேர்ந்தவன் நான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. துறவுக்கு முன், இளவயதில், மில்லில் பாய்லர் குழாய்களுக்குச் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் சுற்றியவர் அவர். அந்தத் தூசு நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் தங்கி, இத்தனை காலம் கழித்துப் புற்றானது. லட்சத்தில் ஒருவருக்கு வந்தால் அதிகம் என்றார் டாக்டர்.

"லாட்டரிச் சீட்டுல விழாதது இதுல விழுந்துட்டு," என்றார் சாமி.

சவ்வை உரித்தெடுத்தார்கள். போய்விட்டது என்றார்கள். இரண்டு வருஷம் மடத்து வாழைகளுக்கெல்லாம் அவரே தண்ணீர் இறைத்தார். பிறகு ஒரு நாள் மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது; அதை வடிக்கத்தான் அந்தக் குழாய். நோய் திரும்பியிருந்தது.

கட்டிலருகே போய் நின்றேன்.

"என்ன வே, முகம் தொங்கிக் கெடக்கு?"

"போயிட்டுன்னு சொன்னாங்களே சாமி. ஏன் திரும்ப வந்துது?"

"டாக்டர்ட்ட கேட்டீரா?"

"அவருக்கும் தெரியலையாம். நீங்க சொல்லுங்க. அவளும் போயிட்டா. நீங்களும் போயிட்டா நான் யார்ட்ட போவேன்?"

சாமி விரலை மட்டும் கீழே காட்டினார்.

குனிந்து பார்த்தேன். பாட்டிலில் பாதி தண்ணீர். அதில் முங்கியிருந்த கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் மெல்ல ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடியும் ஏறியது. நிமிர்ந்து அவர் நெஞ்சைப் பார்த்தேன். அது விரியும்போது இது ஏறியது. அடங்கும்போது இறங்கியது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. நர்ஸ் வந்து, "ஐயா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றாள்.

சாமி சிரித்தார். தண்ணீர் குதித்தது.

"மூச்சைக் கவனியும்னு மடத்துல சொன்னா குறட்டை விடுவீரு. இப்போ தூக்கம் வரலியோ?"

"வரலை சாமி."

"நோய் ஏன் திரும்ப வந்துதுன்னு கேட்டீரே. போற மூச்சு ஒவ்வொரு தடவையும் திரும்ப வருதே, அது ஏன்னு ஒரு நாளாவது கேட்டீரா?"

தண்ணீர் இறங்கியது. ஏறுவதற்காகக் காத்திருந்தேன். ஏறியது.

மறுநாள் காலை போனபோது கட்டிலில் விரிப்பு இல்லை. பாட்டிலைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.