குளத்துக் குழுவும் போண்டாத் தட்டும்

குளத்தில் ஆகாயத்தாமரை அள்ளும் தன்னார்வக் குழுவில் கூடை சுமப்பவள் பூங்கோதை. ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கினால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ஒருத்தர் வேண்டாம்னாலும் எதுவும் நடக்கக் கூடாது. அதுதான் நம்ம வழக்கம்" என்பார் தலைவர் ஏகாம்பரம். அந்த ஒருத்தர் எப்போதும் அவரேதான்.

அன்றும் அதையே சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டு, போண்டாத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"போண்டாவுக்கு எனக்குச் சம்மதமில்லைங்க தலைவரே" என்றாள் பூங்கோதை.

தலைவர் தட்டைப் பார்த்தார். சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"பாதிப் பேருக்கு மேல ஒத்துக்கிட்டாப் போதும்மா" என்றார் அவசரமாக.

போண்டாவுக்கும் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் சேர்த்தே கைகள் உயர்ந்தன. பக்கத்தின் முதல் படத்தில், கையில் போண்டாத் தட்டோடு, இரண்டு கன்னமும் உப்பத் தலைவர்.

மறுநாள் குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் ஒருமனதாகக் கேட்டார்கள், போண்டா எப்போது என்று.