கழுதை போட்ட ஜாமீன்

"மிச்சப் புல்லு எங்கே?" என்று கழுதை கத்தியது.

யானையின் கரும்பாலையில் அன்று கூலி நாள். வாரம் முழுக்கப் பொதி சுமந்தால் நாலு கட்டுப் புல். கணக்குப்பிள்ளை கொக்கு கொடுத்தது ரெண்டுதான்.

"பிடித்தம்!" என்றது கொக்கு. "மாந்தோப்பைக் குத்தகை எடுக்கக் குரங்கு முதலைகிட்ட கடன் வாங்கிச்சே, திருப்பிக் கட்டலை. நீதானே ஜாமீன்?"

"கடன் வாங்கினது அது! மாம்பழம் தின்னது அது! குளக்கரை ஈரமண்ணுல நான் சும்மா குளம்பை வச்சேன், அவ்வளவுதான்!"

"சும்மா வச்ச குளம்புத் தடம் காஞ்சு கெட்டியாயிடுச்சு. முதலை அதைச் சிங்கத்துகிட்ட காட்டி, உன் கூலியில பிடிக்க உத்தரவு வாங்கிடுச்சு."

கழுதை ரெண்டு கட்டையும் திரும்ப எண்ணிப் பார்த்தது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். ரெண்டு கட்டுப் புல் அதற்கே பத்தாது.

கொக்கு குரலைத் தாழ்த்தியது. "இங்க பாருய்யா. நாளைக்குக் காலையில சிங்கம் ஆலமரத்தடியில வழக்கு கேட்கும். நேராப் போ. 'குரங்குகிட்ட தோப்பு இருக்கு, அதைப் பிடிங்க. என் வீட்டுல புள்ளத்தாச்சி பட்டினி கிடக்குது'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. பிடித்தம் நின்னுடும். நாளைக்கு விட்டா, மழை முடியிற வரைக்கும் சிங்கம் குகையை விட்டு வராது!"

விடிந்ததும் கழுதை கிளம்பியது. பாதி வழியில் குரங்கு மரத்திலிருந்து குதித்தது. மோவாயெல்லாம் மாம்பழச் சாறு.

"அண்ணே! எங்க இவ்வளவு அவசரம்?"

"சிங்கத்தைப் பார்க்க! எல்லாம் உன்னாலதான்!"

"ஐயோ, காடே கூடியிருக்கிற இடத்துல என் மானத்தை வாங்கப் போறீங்களா? நேத்துகூட நரி சொல்லிச்சு, 'கழுதையண்ணன் மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும்'னு!"

கழுதையின் காது ரெண்டும் நட்டுக்கொண்டன. கழுதையைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"நரியா சொல்லிச்சு?"

"சத்தியமா! அப்புறம் அண்ணே, சந்தைக்கு ரெண்டு கூடை மாம்பழம் போகணும். உங்க முதுகு சும்மாதானே இருக்கு?"

சிங்கம் வழக்கை முடித்து எழுந்தபோது, கழுதை சந்தையில் குரங்கின் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தது. கூலிகூடக் கேட்கவில்லை. கேட்டால் பெரிய மனசு என்ன ஆவது?

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றது. "என்னங்க, சிங்கம் என்ன சொல்லிச்சு?"

"அதை விடு. நரி என்ன சொல்லிச்சு தெரியுமா?"

ஆலமரத்தடிக்குப் போ, வாயைத் திற என்று கொக்கு சொன்னது. கழுதை போகவில்லை.

நல்லவன் என்ற பேருக்கு ஆசைப்பட்டு, பேச வேண்டிய இடத்தில் பேசாதவன், அடுத்தவன் கடனைத் தன் வீட்டார் வயிற்றிலிருந்துதான் கட்டுவான்.