மூன்று வட்டத்தில் மூன்று கால்

சுள்ளி என்ற இளம் கீரிக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. புதரைச் சுற்றி ஓடும், குளத்தை எட்டிப் பார்க்கும், மறுபடியும் புதருக்கே ஓடும். காரணம் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். மழைக்கு முன், வளர்ந்த குட்டிகள் எல்லாம் ஆளுக்கொரு வேலையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். குளக்கரையின் ஈரக் களிமண்ணில் ஒட்டினாற்போல் மூன்று வட்டம் போட்டிருக்கும். ஒன்று காவலுக்கு, ஒன்று தேன் எடுக்க, ஒன்று ஊற்றுத் தோண்ட. பிடித்த வட்டத்தில் காலைப் பதிக்க வேண்டும். உச்சி வெயிலில் மண் இறுகிவிட்டால் அதுதான் வேலை. தடம் இல்லாதவர்களுக்கு மழைக்கு ஒதுங்கக் குகையில் இடமும் இல்லை. வெளியே நனைந்து சாக வேண்டியதுதான்!

சுள்ளி கேட்காத ஆள் இல்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கீரின்னா காவல்தான்! நம்ம பரம்பரைக்கே அதுதான் பேரு!" என்றது மாமா கீரி.

"தேன் எடுக்க வா! திரும்பி வர்றப்ப காடே உன்னைச் சுத்தி நிக்கும்!" என்றது குரங்கு.

"நாங்க ஊற்றுத் தோண்டலைன்னா கோடையில அத்தனை பேருக்கும் நாக்கு வறண்டுரும், தெரியும்ல?" என்றது பெருச்சாளி.

மாமா பேசும்போது மாமா சொல்வது சரி. குரங்கு பேசும்போது குரங்கு சொல்வது சரி. பாவம், அது தலையா, ராட்டினமா?

அந்த நாளும் வந்துவிட்டது. மற்ற குட்டிகள் தடம் பதித்துவிட்டுப் போய்விட்டன. வெயில் ஏற ஏறச் சுள்ளி மூன்று வட்டத்தையும் சுற்றிச் சுற்றி ஓடியது. அப்போது ஒரு யோசனை வந்தது. மகா யோசனை!

"எதுக்கு வம்பு? மூணுலயும் வச்சுருவோம். அப்புறம் பார்த்துக்கலாம்!"

ஒரு முன்னங்கால் காவலில், இன்னொன்று தேனில், ஒரு பின்னங்கால் ஊற்றில். நாலாவது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கியபடியே நின்றது.

தடம் பார்க்க வந்த நாரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னடி கூத்து இது? ஒரு ஆளுக்கு ஒரு தடம்தான்! உன் நிழல் வயித்துக்கடியில வர்றதுக்குள்ள ரெண்டு காலை எடுத்து, அந்தத் தடத்தை மண்ணால மூடிரு. இல்லன்னா மூணுமே செல்லாது!"

எந்த இரண்டை எடுப்பது? களிமண் வேறு இறுக ஆரம்பித்துவிட்டது. சேதி கேட்டு மாமாவும் குரங்கும் பெருச்சாளியும் ஓடி வந்தன. மறுபடியும் அதே பெருமை, அதே இரைச்சல். சுள்ளிக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"போதும், நிறுத்துங்க! உங்க பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு! உங்க வேலையில உங்களுக்கே எரிச்சல் வர்ற நேரம் எது? அதைச் சொல்லுங்க!"

 இப்படி யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

குரங்கு தலையைச் சொறிந்தது. "தேனீ கொட்டுறதுகூடப் பரவாயில்ல. புகை போட்டுட்டு கிளையில அசையாம உக்காந்திருக்கணும். தும்மக்கூடக் கூடாது."

சுள்ளிக்கு அப்போதே மூக்கு அரித்தது.

மாமாவின் குரல் இறங்கியது. "பாம்பு வர்றது மாசத்துக்கு ஒரு தடவைதான். மத்த நாளெல்லாம் ஒரே புத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்கே சில நாள் அழுகையா வரும், புள்ள."

"என் பாடு இன்னும் மோசம்," என்றது பெருச்சாளி. "பத்து இடம் தோண்டினா ஒன்பது காய்ஞ்சு கிடக்கும். உடனே அடுத்த இடத்துக்கு ஓடணும். நிம்மதியா ஒரு இடத்துல உக்கார முடியாது. மறுபடி மோந்து பாரு, மறுபடி தோண்டு!"

"தினமும் புது இடமா, அக்கா?"

"ஆமாடி, அதுதான் தொல்லை!"

"அய்யோ, எனக்கு அது தொல்லையே இல்லையே!"

சுள்ளி தேன் வட்டத்துக் காலை இழுத்தது. வந்துவிட்டது; தடத்தை மண்ணால் மூடியது. காவல் வட்டத்துக் கால் வரவில்லை.

"கீரி போய் மண்ணைத் தோண்டுறதா? என் மானமே போச்சு!" என்று மாமா கத்தியது.

"மன்னிச்சுருங்க மாமா! அந்தப் புத்துக்கு எதிர்ல உக்காந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சுரும்!" என்று சுள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. ஒரு நகம் களிமண்ணிலேயே பிய்ந்து நின்றது. ரத்தம் வந்தது. ஆனால் கால் வந்துவிட்டது; அந்தத் தடத்தையும் மூடியது.

நாரை குனிந்து பார்த்தது. "ஊற்று வேலை! குகையில இடம் உண்டு!"

மறுநாள் சுள்ளியும் பெருச்சாளியும் தோண்டிய முதல் குழி காய்ந்து கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. பெருச்சாளி சலித்துப்போய் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தால் சுள்ளியைக் காணோம். அது நொண்டிக் காலோடு மூன்றாவது இடத்தில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெருமையை மட்டும் கேட்காமல், அதன் தொல்லையையும் கேட்டு, அது நமக்குத் தாங்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.