முதல் ஏற்றம்

"கையெழுத்தைப் போடு. இல்லேன்னா தையல் வகுப்புல உனக்கு இடம் கிடையாது" என்று தாளை நீட்டினார் தவசிக்கனி. பயிற்சி மையத்தின் தலைவர் அவர்; அதன் வாசலில் சாய்தளம் கட்டியவரும் அவரே. சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் 'ஏற வசதியாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால்தான் அரசாங்கம் அதை ஏற்கும். சாய்தளமோ ஏணியைச் சாத்தி வைத்தது போல நின்றது.

மடியில் ஊன்றுகோலோடு சக்கர நாற்காலியில் இருந்த முப்பிடாதி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போடுதேன் அண்ணாச்சி. புது வண்டின்னா எலுமிச்சம்பழம் வச்சு முதலாளிதான எடுக்கணும்? இதுலயும் முதல்ல நீங்க ஏறுங்க."

திறப்பு விழாவுக்கு வந்திருந்த கூட்டம் கைதட்டியது. தவசிக்கனி மாலையோடு மையத்தின் புது நாற்காலியில் அமர்ந்தார். சக்கரத்தடியில் வைத்த பழத்தை நசுக்கிக்கொண்டு பாதி ஏறியதும் வண்டி பின்னால் உருண்டது.

"ஏல, பிடிங்கலே!"

நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள்.

"பிடிக்க நாலு ஆள் வேணும்னு எழுதவா அண்ணாச்சி, அஞ்சுன்னு எழுதவா?" என்றாள் முப்பிடாதி.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தவசிக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை இடிச்சிட்டு தெரு வரைக்கும் நீட்டிக் கட்டுங்கலே. திங்கக்கிழமை இந்தப் பிள்ளை வகுப்புக்கு வரணும்லா?"

அவர் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. முப்பிடாதி அதை ஊன்றுகோலால் அவர் காலருகே தள்ளிவிட்டாள்.